பிள்ளைகளின் தந்தை தொன் போஸ்கோ

இத்தாலி நாட்டில் பெக்கி என்னும் சிற்றூரில், ஏழைக் குடியானவர் குடும்பத்தில் 1815 ஆகஸ்டு 16-ஆம் நாள் அருளப்பர் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத் அம்மாள் பாடுபட்டு வளர்த்தார்.

வழியில் குருக்களைக் கண்டால் சிறுவர் அருளப்பர் வணங்குவார். அவர்களோ பதில் வணக்கம் கூறிவிட்டுக் கடந்து செல்வார்கள். தம்மோடு இரண்டு வார்த்தை பேசமாட்டார்களா என்று அவர் ஏங்கினார். கலோசோ என்னும் முதிய குரு ஒருவரே அவரை அன்புடன் அழைத்து இலத்தீன் கற்பித்தார். 1830-இல் அவரும் இறக்கவே, மீண்டும் தந்தையை இழந்தவர்போல் அருளப்பர் கதறினார்.

1841-இல் குருப்பட்டம் பெற்றார். அவ்வாண்டு அமலோற்பவ மாதா திருநாளன்று, தூரின் நகர்க் கோயிலில், பூசைக்கு உதவத் தெரியாத ஓர் அநாதைச் சிறுவனைக் கோயில்பிள்ளை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துத் தம் நண்பன் என்றார். எழுதப் படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று வினவினார், ஒன்றும் தெரியாது. சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்றதும் சிறுவன் சிரித்துவிட்டான். அதன் பிறகே ஞானோபதேசம் தொடங்கியது.

1846-இல் வல்தோக்கோவில் ஒரு கொட்டகையில் பிள்ளைகளைச் சேர்த்தார். தாயும் வந்து பத்தாண்டுகள் அவர்களுக்கு அன்னையானார். தொழில் பழகும் சிறுவர்களை அடிக்கலாகாது என்று முதலாளிகளிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார். 1859-இல் சலேசிய சபையை நிறுவினார். அச்சபையினர் 1906-இல் தஞ்சைக்கு வந்தனர்.

முதுமையில், ஆசிரியர்கள் விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு கலவாமல் விலகி நிற்பது கண்டு வருந்தினார். நேசித்தால் மட்டும் போதாது, தாம் நேசிக்கப்படுவதைப் பிள்ளைகள் உணரவேண்டும் என்று 1884-இல் உரோமையிலிருந்து எழுதினார். 1888-இல் இறைவனடி சேர்ந்தார், 1934-இல் புனிதரானார்.

நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவர் அருகிலிருந்தால்தான் குழந்தை அச்சமின்றி உலகை அறியத் துணியும் என்று ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் இருபதாம் நூற்றாண்டில் விளக்கினார். தொன் போஸ்கோ அதனை வாழ்ந்தே காட்டியிருந்தார்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் விடியுமுன் ஜீப் ஏறி ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறும் பெற்றோர் பலர். அவர்தம் பிள்ளை தாமதமாக வந்து, கடைசி பெஞ்சில் வாடிய முகத்தோடு அமர்ந்தால், பிரம்பை எடுப்போமா, சாப்பிட்டாயா என்று கேட்போமா? ஆசிரியப் பெருமக்களே, மறைக்கல்வி கற்பிப்போரே, அந்த ஒரு கேள்வியில் அப்பிள்ளையின் படிப்பே அடங்கியிருக்கக்கூடும். அப்புனிதர் நமக்காக வேண்டிக்கொள்வாராக!