அளவுகோல் தீர்ப்பல்ல

கொடைக்கானல் மேல்மலையின் போளூரிலோ வேறெந்தச் சிற்றூரிலோ, தனித்திருந்து விந்தையாகப் பேசும் இளைஞனுக்குப் பைத்தியம் என்ற பட்டம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அவ்வியல்புக்கும் நோய்க்கும் உள்ள உறவை முதலில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் யூஜின் பிளாய்லர்.

1857இல் சூரிச் அருகே பிறந்த அவருடைய சகோதரியே மனநோயாளி. 1886 முதல் 12 ஆண்டுகள் ரைனாவ் மனநோய் விடுதியில் நோயாளிகளுடனேயே வாழ்ந்தார். 1908இல் மனச்சிதைவு நோய்க்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயரிட்டார். நோயாளிகளின் உறவினரிடம் அதே இயல்புகள் மென்மையாகத் தென்படுவதையும், அத்தகையோர் பெரும்பாலும் மருத்துவரை நாடுவதில்லை என்பதையும் கண்டார். ஆயினும் அவரே நோயாளிகளுக்குக் கருத்தடை செய்வதை ஆதரித்தார். பரிவும் பிழையும் ஒருவரிடமே குடியிருந்தன. 1939இல் மறைந்தார்.

1962இல் அமெரிக்க உளவியலாளர் பால் மீல் இச்சாயலை ஒரு கோட்பாடாக வளர்த்தெடுத்தார். பின்னர் அதை அளக்க வினாப்பட்டியல்கள் வந்தன. அவற்றில் மிகுந்த மதிப்பெண் பெறுவோருக்கு அபாயம் சற்றுக் கூடுதல். எனினும் அவர்களுள் பெரும்பாலோர் நோயுறுவதில்லை. நோயே நூற்றில் ஒருவருக்கும் குறைவானோரைத்தான் பற்றுகிறது. நிகழ்தகவு அறிந்தோர் இதில் வியப்படையமாட்டார்கள்.

ஆகவே, அந்த மதிப்பெண் கனிவுடன் கவனிக்கச் சொல்லும் குறிப்பு மட்டுமே. அதைக் காட்டி ஒருவருடைய கல்வியையோ வேலையையோ திருமணத்தையோ மறுப்பது, பிளாய்லரின் பிழையை நாம் மீண்டும் செய்வதாகும்.