வாஞ்சிநாதன்

வாஞ்சிநாதன் (1886 – ஜூன் 17, 1911) திருநெல்வேலி மாவட்டப் பொறுப்பு ஆட்சியராக இருந்த ராபர்ட் வில்லியம் ஆஷ் என்பவரை மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் சுட்டுக் கொன்று, அங்கேயே தம் உயிரையும் மாய்த்துக்கொண்ட விடுதலைப் போராளி ஆவார். இவரது இயற்பெயர் சங்கரன். வாஞ்சி என்பது வழங்கு பெயர். இறக்கும்போது இவருக்கு வயது 25.

பிறப்பும் பணியும்

வாஞ்சிநாதன் செங்கோட்டையில் இரகுபதி ஐயருக்கும் உருக்குமணி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். செங்கோட்டை அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956 ஆம் ஆண்டு மொழிவழி மாநிலப் பிரிப்பின்போதே தமிழ்நாட்டுடன் இணைந்தது. செங்கோட்டையிலும் பின்னர் திருவனந்தபுரத்திலும் கல்வி கற்ற இவர், பொன்னம்மாள் என்பவரை மணந்தார். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை கிடைத்துப் புனலூரில் பணியாற்றினார். இவ்வளவில் பார்த்தால், அக்காலத்துப் படித்த இளைஞர் பலருடைய வாழ்க்கையிலிருந்து இவருடையது வேறுபட்டதன்று.

அரசியல் பின்னணி

தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனமும், 1908 ஆம் ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தமும் திருநெல்வேலிச் சீமையின் அரசியலை மாற்றின. 1908 மார்ச் 12 அன்று வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. காவலரின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். வ. உ. சி.க்கு முதலில் விதிக்கப்பட்ட தண்டனை இரண்டு ஆயுள் தண்டனைகள். அவை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டன. கப்பல் நிறுவனமும் நொடிந்து போனது. அப்போது தூத்துக்குடியில் துணை ஆட்சியராக இருந்த ஆஷ், இவை அனைத்திற்கும் பொறுப்பானவர் என்று சுதேசி இயக்கத்தினர் கருதினர். அயர்லாந்தில் 1872 இல் பிறந்த ஆஷ் பின்னர் திருநெல்வேலி மாவட்டப் பொறுப்பு ஆட்சியரானார்.

இக்காலத்தில் நீலகண்ட பிரம்மச்சாரி ஊர் ஊராகச் சென்று பாரத மாதா சங்கம் என்னும் இரகசிய அமைப்பிற்கு ஆள் சேர்த்து வந்தார். செங்கோட்டை, தென்காசி, தூத்துக்குடி ஆகிய ஊர்களில் கிளைகள் தோன்றின. வாஞ்சிநாதன் 1910 இல் இவ்வமைப்பில் சேர்ந்தார்.

புதுச்சேரியில் பயிற்சி

1911 ஜனவரியில் வாஞ்சிநாதன் பணியிலிருந்து மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குச் சென்றார். பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அந்நகரில் அப்போது சுப்பிரமணிய பாரதியார், அரவிந்தர், வ. வே. சு. ஐயர் ஆகியோர் தஞ்சம் புகுந்திருந்தனர். இவர்களுள் துப்பாக்கியைப் பற்றி நேரடி அறிவு உடையவர் ஐயரே.

திருச்சிராப்பள்ளி வரகனேரியைச் சேர்ந்த ஐயர் (1881–1925), பாரிஸ்டர் படிப்பிற்காக இலண்டன் சென்று, இந்தியா ஹவுசில் சாவர்க்கரின் நெருங்கிய நண்பரானவர். இந்தியா ஹவுஸ் உறுப்பினர்கள் 1909 இல் இலண்டனிலிருந்த சுடுபயிற்சிக் கூடம் ஒன்றில் பயிற்சி செய்து வந்தனர். 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்ற மதன்லால் திங்ரா, அதற்கு முன் சுமார் மூன்று மாதங்கள் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையிலிருந்த கூடத்தில் காகித இலக்கைச் சுட்டுப் பழகியவர். சுடும் நாளன்றும் அங்கே சென்று பயிற்சி செய்திருந்தார். விடாமல் செய்யும் இப்பயிற்சி முறையே 1910 இல் ஐயரோடு புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தது எனலாம். நகருக்கு வெளியே கரடிக்குப்பம் என்னுமிடத்தில் வாஞ்சிநாதனுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டதாகக் கூறுவர்.

பிரௌனிங் கைத்துப்பாக்கி

வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. இதை அவர் பலவற்றுள் ஒன்றாகத் தேர்ந்து வாங்கியிருக்க வழியில்லை. 1878 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருக்க முடியாது. ஐரோப்பாவிலிருந்து கடத்தி வரப்பட்டவையே புரட்சியாளர் கைக்குக் கிடைத்தன. 1909 ஆம் ஆண்டு தொடக்கத்தில் இந்தியா ஹவுசின் சமையற்காரர் ஒருவர், போலி அடித்தட்டு வைத்த பெட்டியில் 20 பிரௌனிங் துப்பாக்கிகளை மறைத்துப் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் ஆட்சியர் ஜாக்சன் கொல்லப்பட்டார்.

அமெரிக்கரான ஜான் பிரௌனிங் (1855–1926) வடிவமைத்து, பெல்ஜியத்தின் எப்.என். ஆலை செய்து விற்ற துப்பாக்கிகளுள் 1900 ஆம் ஆண்டு மாதிரி மிகப் புகழ் பெற்றது. ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. 1904 இல் பின்லாந்தில் உருசிய ஆளுநர் பாப்ரிகோவும், 1909 இல் ஹார்பினில் சப்பானிய அரசியல் தலைவர் இட்டோ ஹிரோபுமியும் இம்மாதிரியாலேயே சுடப்பட்டனர்.

அக்காலத்தில் ஆங்கிலேய அதிகாரிகள் இடையில் கட்டிய வெப்ளி ரிவால்வர் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ளது. ஆறு தோட்டா கொள்வது. விசையை இழுக்கும் அதே இழுப்பில் உருளை சுழல வேண்டும், பின்புறச் சுத்தியும் எழும்பி விழ வேண்டும். ஆகவே இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும். பழகாதவர் கை அதில் அசைந்து குறி தவறும். 1900 மாதிரி பிரௌனிங்கின் எடை சுமார் 625 கிராம். மேகசினில் ஏழு தோட்டாக்கள். இதில் வெளியே நீட்டிய சுத்தி கிடையாது. உள்ளே வில்லால் இறுக்கி நிறுத்தப்பட்ட சுடுஊசி நேராக முன்னோக்கிப் பாய்ந்து தோட்டாவைத் தட்டும். ஒவ்வொரு வெடிப்பின் பின்னுதைப்பும் வெற்றுறையை வெளியேற்றி, அடுத்த தோட்டாவை ஏற்றி, ஊசியை மீண்டும் இறுக்கி வைத்துவிடும். ஆகையால் விசைக்கு ஊசியை விடுவிக்கும் வேலை மட்டுமே மிஞ்சும். இழுப்பு குறுகியதாக அமையும். குழலுக்கு மேலே உள்ள ஒரே வில், மேற்பகுதியை முன்னுக்குத் தள்ளவும் ஊசியைப் பாயச் செய்யவும் பயன்பட்டது நுட்பமான சிக்கனம்.

குறிபார்க்கும் அமைப்பு இத்துப்பாக்கிகளின் பலவீனம். சட்டைப்பையில் சிக்கக் கூடாது என்பதற்காக முன்முனையையும் பின்பிளவையும் மிகச் சிறியனவாகவே வைத்தனர். அதே மாதிரியில் ஒரு விந்தையும் உண்டு: ஊசி இறுகாத நிலையில் அதன் நெம்புகோல் பின்பிளவை மறைத்து நிற்கும், இறுகியதும் விலகிப் பார்வைக்கு வழிவிடும். குறி தெரிந்தால் துப்பாக்கி தயார் என்று பொருள். இன்று விளையாட்டுச் சுடுவோர் விசையையும் குறிமுனைகளையும் தமக்கேற்ப மாற்றிப் பொருத்திக் கொள்வர். 1911 இல் புதுச்சேரியில் தலைமறைவாகப் பழகியவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. கிடைத்த துப்பாக்கி கிடைத்தபடியேதான் இருக்கும்; திருத்தக்கூடியது சுடுபவர் கை ஒன்றே. தோட்டாவும் கடத்தி வந்ததே என்பதால் அதையும் எண்ணித்தான் செலவிட முடியும்.

மணியாச்சி

மணியாச்சி, அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்திலிருந்து விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வழியே தெற்கே பரவும் கரிசல் வறள்நிலத்தில் அமைந்த சந்திப்பு நிலையம். அக்காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வருவோர் வடக்கே செல்ல இங்கே வண்டி மாற வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்பு நேரமே திட்டத்திற்கு அடிப்படையாயிற்று.

1911 ஜூன் 17 காலையில் ஆஷ் தம் மனைவியுடன் கோடைக்கானலுக்குப் புறப்பட்டு, முதல் வகுப்புப் பெட்டியில் போட் மெயில் வண்டிக்காகக் காத்திருந்தார். வாஞ்சிநாதன் துணைக்கு ஒருவருடன் வந்து பெட்டியில் ஏறினார். ஆஷ் தம் தொப்பியை எறிந்து தடுக்க முயன்றதாகக் கூறப்படுகிறது. பெட்டிக்குள் இருவருக்கும் இடையே இருந்த தொலைவு சில அடிகளே. அங்கே குறிமுனைக்கு வேலையே இல்லை. மூன்று மாதப் பயிற்சியில் பயன்பட்டிருக்கக் கூடியது கை நடுங்காமை மட்டுமே. சுடப்பட்ட ஆஷ் சிறிது நேரத்தில் இறந்தார். அவரது உடல் பாளையங்கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டது. நடைமேடையில் ஓடிய வாஞ்சிநாதன், துரத்தி வந்தோரிடம் அகப்படாமல் அங்கிருந்த கழிவறைக்குள் புகுந்து தம்மைச் சுட்டுக்கொண்டு இறந்தார். உடன் வந்தவர் தப்பினார்.

வாஞ்சிநாதனின் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. அந்நியர் சனாதன தர்மத்தை அழிக்கின்றனர் என்றும், ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் இந்தியாவில் கால் வைத்தால் அவரைக் கொல்ல 3000 சென்னை மாகாணத்தார் உறுதி பூண்டுள்ளனர் என்றும், அதற்கு முன்னறிவிப்பாகவே இச்செயல் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா இலண்டனில் ஜூன் 22 அன்று நடைபெறவிருந்தது.

வழக்கும் பின்விளைவும்

கடிதங்களும் அப்ரூவர்களின் வாக்குமூலங்களும் காவல்துறைக்கு வழிகாட்டின. செங்கோட்டை வெங்கடேசுவர ஐயரும் தர்மராஜ ஐயரும் கைதாகாமல் உயிரை விட்டனர். 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. சங்கரன் நாயர் நீதிபதிகளுள் ஒருவர். 1912 இல் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டனர். நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுகளும் சங்கரகிருஷ்ண ஐயருக்கு 4 ஆண்டுகளும் சிறைத்தண்டனை கிடைத்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் வ. வே. சு. ஐயர் பிடிபடவில்லை. எனினும் புதுச்சேரித் தமிழர் அனைவர் மீதும் ஒற்றர் கண்காணிப்பு இறுகியது.

கருத்து வேறுபாடுகள்

வாஞ்சிநாதன் நாட்டு விடுதலைக்காகச் சுட்டாரா, வருணாசிரமத்தைக் காக்கச் சுட்டாரா என்பது பிற்காலத்தில் எழுந்த விவாதம். கடிதத்தின் சமயச் சொற்கள் இதற்குக் காரணம். தாழ்த்தப்பட்ட பெண் ஒருவரை ஆஷ் அக்கிரகாரத் தெரு வழியே அழைத்துச் சென்றதால் கொல்லப்பட்டார் என்னும் கதைக்கு அக்கால ஆவணச் சான்று காட்டப்படவில்லை. ஆனால் கடிதத்தில் உள்ள சமய உணர்வை மறைத்துவிட்டு இவர் வரலாற்றை எழுதுவதும் சரியாகாது. அரசியல் சினமும் சமயப் பற்றும் அதில் பிரிக்க முடியாதபடி கலந்தே உள்ளன.

நினைவு

செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்குச் சிலையும், 2013 இல் திறக்கப்பட்ட மணிமண்டபமும் உள்ளன. மணியாச்சி நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி சந்திப்பு என மாற்றப்பட்டுள்ளது. ஆஷுக்கு எழுப்பப்பட்ட நினைவு மண்டபம் தூத்துக்குடியில் உள்ளது.