நாள் குறித்த உழவர்: வில்லியம் மில்லர் வரலாறு

உலகம் என்று முடியும் என்னும் கேள்வி மக்கள் உள்ளத்தை விட்டு என்றும் அகன்றதில்லை. 1962-ஆம் ஆண்டில் எட்டுக் கிரகங்கள் ஒரே இராசியில் கூடியபோது, நாடெங்கும் அச்சம் பரவி வேள்விகள் நடந்தனவெனப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கிறிஸ்தவ உலகிலும் இவ்வாறு நாள் குறித்தவர் பலர். அவருள் மிகப் பெயர் பெற்றவர் அமெரிக்க நாட்டு உழவரான வில்லியம் மில்லர் ஆவார். அவர் வரலாறு நகைப்பதற்குரியதன்று. எச்சமயத்தாரும் எண்ணிப் பார்த்தற்குரியது.

மில்லர் 1782-ஆம் ஆண்டு மாசசூசெட்சு மாநிலத்தில் பிட்சுபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். நியூயார்க் மாநிலத்து லோ ஹாம்ப்டனில் வளர்ந்தார். பள்ளிப்படிப்பு மிகுதியும் இல்லை. ஆயினும் நூற்பசி பெரிது. 1803-இல் லூசி என்னும் மங்கையை மணந்து வெர்மாண்டு மாநிலத்திற் குடியேறிய பின், பகுத்தறிவு நூல்களைக் கற்று, இறைவன் உலகைப் படைத்தானேயன்றி மனிதர் வாழ்வில் தலையிடுவதில்லை என்னும் கொள்கையினரானார்.

1812-இல் மூண்ட போரில் அவர் படைத்தலைவராய்ப் பணியாற்றினார். 1814-இல் பிளாட்சுபர்க் என்னுமிடத்தில், எண்ணிக்கையில் மிக்க ஆங்கிலப் படையை அமெரிக்கர் வென்றனர். அவ்வெற்றியும், கண்முன் வீழ்ந்து மடிந்த தோழர் நினைவும் அவர் உள்ளத்தைக் கலக்கின. ஊர் திரும்பிய மில்லர் 1816-இல் கிறிஸ்து பெருமானிடத்து மீண்டும் நம்பிக்கை கொண்டார்.

பழைய நண்பர் சும்மா விடுவரோ? வேதாகமத்தில் முரண்பாடுகள் உளவெனக் கூறி எள்ளினர். அவர்க்கு விடையிறுக்க விரும்பிய மில்லர், உரை நூல்களை ஒதுக்கிவிட்டு, வேதாகமத்தையும் ஒரு சொல்லடைவையுமே துணையாகக் கொண்டு ஈராண்டு ஆராய்ந்தார். தானியேல் ஆகமத்திற் கூறப்படும் 2300 நாட்களை 2300 ஆண்டுகளெனக் கொண்டார். பாரசீக மன்னன் எருசலேம் பற்றிக் கட்டளையிட்ட கி.மு. 457-ஐத் தொடக்கமாக வைத்தார். 2300-இல் 457 போக எஞ்சுவது 1843. ஆகவே ஏறத்தாழ அவ்வாண்டில் கிறிஸ்து மீண்டும் வருவார் என 1818-இல் முடிவு செய்தார்.

எனினும் அவர் ஆரவாரம் செய்தாரல்லர். பதின்மூன்று ஆண்டுகள் உழுதும் விதைத்துமே காலங்கழித்தார். 1831 ஆகஸ்டு மாதத்து ஒரு சனிக்கிழமை, எவரேனும் அழைத்தாற் பேசுவதாக இறைவனுக்கு வாக்களித்தார். அரைமணிக்குள் தங்கை குடும்பத்தினின்று அழைப்பு வந்துவிட்டது! தம்மேலேயே சினங்கொண்டு மரத்தோப்புக்குட் சென்று மன்றாடிய பின்னரே அவர் பேசப் புறப்பட்டார்.

பாஸ்டன் நகரத்துக் குருவாகிய ஜோஷுவா ஹைம்ஸ் 1840-இல் பத்திரிகை தொடங்கியதும் செய்தி எங்கும் பரவிற்று. 1843-இல் பகலிலும் தோன்றிய பெரு வால்மீன் மக்கள் பரபரப்பை மிகுவித்தது. பல்லாயிரவர் அவரைப் பின்பற்றினர். மில்லர் இறுதி எல்லையாகக் கூறிய 1844 மார்ச்சு கடந்தது, ஒன்றும் நிகழவில்லை. அவர் தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அப்போது சாமுவேல் ஸ்னோ என்பார் 1844 அக்டோபர் 22 எனத் திட்டமாக நாள் குறித்தார். நாளைக் குறிக்கத் தயங்கி வந்த மில்லரும் இறுதியில் அதற்கு இசைந்தார்.

அந்தோ! சிலர் விளைந்த பயிரை அறுக்காது விட்டனர். சிலர் கடைகளை அடைத்தனர். இரவு முழுதும் விழித்திருந்தனர். பொழுது வழக்கம்போல் விடிந்தது. ஊரார் ஏளனத்தை எப்படித் தாங்குவது? வெள்ளாடை உடுத்திக் காத்திருந்தார்கள் என்னும் கதையும் கட்டிவிடப்பட்டது. அதற்குத் தக்க சான்றில்லை என்பர் பின்னாளில் ஆராய்ந்தோர். 1845-இல் மில்லரை அவருடைய சொந்தச் சபையே விலக்கிற்று.

அவரைப் பின்பற்றியோருட் சிலர் வழிவந்ததே 1863-இல் அமைந்த ஏழாம் நாள் அட்வெந்து சபை. மில்லர் அவர்களோடு சேரவில்லை. நாள் பிழைத்ததேயன்றி நம்பிக்கை பிழைக்கவில்லை என்று உறுதியாக இருந்தார். 1848-இல் தம் இல்லத்தருகே சிறு ஆலயம் ஒன்று எழுப்பினார். கண்ணொளி குன்றிய நிலையில் 1849 டிசம்பர் 20-இல் இயற்கை எய்தினார்.

இருப்புப்பாதை அலுவலகத்தில் நாள்தோறும் கணக்கோடு உறவாடும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. மில்லரின் கழித்தலிற் பெரும்பிழை இல்லை. கணக்கிற்கு அடங்காததைக் கணக்கிட்டதே பிழை. அந்நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்று கிறிஸ்துவே அறிவுறுத்தியிருக்கிறார். காத்திருப்பதென்பது கடமையைக் கைவிடுவதன்று. வண்டி வரும் நேரம் தெரியாத இரவிலும் விளக்கை அணையாது வைத்திருப்பவனே நல்ல பணியாள். தவறியபோது தவறினேன் என்று ஊரறியச் சொன்ன மில்லரின் நேர்மையும், அதன் பின்னும் தளராத அவர் பத்தியும் நம் அனைவருக்கும் வாய்ப்பதாகுக!