சக்கர நாற்காலியில் ஒரு சர்ஜன்

நம்ம ஊருக்குப் பக்கத்திலிருக்கிற வேலூரில் ஊழியம் செய்து மறைந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவின் ஜீவியத்தை இந்த மாதம் உங்களுக்குச் சொல்ல வாஞ்சிக்கிறேன். அடியேன் மூன்று வயதில் இளம்பிள்ளைவாதத்தால் இரண்டு காலும் விழுந்தவன். புதுச்சேரி வீதிகளில் மூன்று சக்கர வண்டியில் போகிறவன். ஆகவே கொஞ்சம் உரிமையோடுதான் சொல்லுவேன்.

இவர் 1925-இல் கொச்சிச் சீமையில் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பெண்கள் வைத்தியத்தில் தேர வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஆனால் 1954 ஜனவரியில், கூட இருந்த டாக்டர்களோடு வெளியூர் போன வண்டி விபத்துக்குள்ளானது. முகத்தில் பலத்த காயம்; முதுகுத்தண்டும் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை, அசைவும் இல்லை. 29 வயதுகூட ஆகவில்லை!

அந்நாட்களில் நம்ம தேசத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் கதி என்ன? படுக்கைப்புண்ணும் சிறுநீர்க் கோளாறும் வந்து பலர் சீக்கிரமே மரித்துப்போவார்கள். பிழைத்தவரையும் வீட்டு மூலையில் போட்டுவிடுவார்கள். மேரி அம்மாவும் அழுதார், சோர்ந்துபோனார். அப்பொழுது டாக்டர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களுக்கு, நல்ல தசைநாரை எடுத்து வேறு இடத்தில் இணைத்து, கையை மறுபடியும் வேலைசெய்ய வைக்கிற ஆபரேஷனை வேலூரில் நடத்திவந்தவர் அவர். கை ஆபரேஷனுக்கு நிற்க வேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? மேரி அம்மா அதைக் கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி எத்தனையோ கைகளை நிமிர்த்தினார். தங்களைப் போலவே ஊனத்தோடு இருக்கிற டாக்டரைக் கண்ட நோயாளிகளுக்கு, நம்மாலும் முடியும் என்று தைரியம் வந்தது.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் சிகிச்சையும் பயிற்சியும் பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் என்பவரிடம் புனர்வாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து, 1963-இல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் அங்கே தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் எழுந்து உட்காரவும், தானே உடுத்தவும், தொழில் பழகி வீடு திரும்பவும் அங்கே கற்றுக்கொண்டார்கள். 1972-இல் அரசாங்கம் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. 1986-இல் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார்.

பிரியமானவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். மேரி அம்மாவின் கால்களுக்குப் பழைய பலம் கடைசிவரை திரும்பவில்லை. அப்படியென்றால் அவருக்கு விசுவாசம் குறைவா? என்னைப் போன்றவர்களிடம் இதைத்தானே கேட்கிறாங்க! ஒரு கூட்டத்தில் எனக்காக ஜெபித்துவிட்டு, நான் எழுந்து நடக்கவில்லை என்றதும், பாவத்தை அறிக்கை பண்ணச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேவிபோசேத்தை நினைத்துப் பாருங்கள்! இரண்டு காலும் முடமானவனாகவே ராஜாவின் பந்தியில் தினமும் உட்கார்ந்தான். நடந்தால்தான் இடம் என்று தாவீது சொல்லவில்லையே!

என் வண்டி எனக்கு வெட்கமல்ல, என் கால் அதுதான். எங்களுக்குத் தடை காலில் இல்லை, படியில் இருக்கிறது. நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் தெருவிலிருந்து திண்ணைக்கு ஏறவே எத்தனை படி! பொது இடங்களில் தடையில்லாத வழி வேண்டுமென்று 2016-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லுகிறது. சட்டத்துக்கு முன்னே சபை செய்ய வேண்டாமா? உங்கள் ஆலய வாசலில் ஒரு சாய்தளம் போடுங்கள். எங்களிடம் கேட்க வேண்டியதை, கூட வந்தவரிடம் கேட்காமல் எங்களிடமே கேளுங்கள். பரிதாபப்பட்டுக் காசு கொடுப்பதற்குப் பதிலாக ஊழியத்தில் ஒரு வேலை கொடுங்கள். உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை எவ்வளவோ உண்டு என்பதற்கு வேலூர் சாட்சி!