ஏற்றத்திலும் உளியிலும் இறைவனைக் கண்டவர்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

வேதநாயகம் என்ற பெயரைச் சொன்னவுடன், தமிழ் இலக்கியத்தை ஒரு பாடமாக எடுத்துப் படித்த நம்மில் பலருக்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். 1879-ஆம் ஆண்டு வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்பதைத் தேர்வுக்காகவாவது மனனம் செய்திருப்போம். இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே பிறந்து, தஞ்சையில் வாழ்ந்து, தமிழ்க் கிறிஸ்தவ வழிபாட்டுக்குத் தமிழ் இசையைக் கொடுத்த வேதநாயக சாஸ்திரியாரைப் பற்றியது. இருவரும் கிறிஸ்தவர்கள், இருவரும் பாடல் புனைந்தவர்கள், பெயரும் ஒன்று. ஆகவே இருவரையும் ஒருவரென மயங்குவோர் உண்டு.

நிபோங் திபாலிலோ பட்டர்வொர்த்திலோ தமிழ்க் கிறிஸ்தவத் திருமணம் ஒன்றுக்குச் சென்றிருந்தால், இறுதியில் எல்லாரும் எழுந்து நின்று பாடும் மங்களப் பாடலைக் கேட்டிருப்பீர்கள். இந்து நண்பர்கள் சிலர், இது கச்சேரியின் கடைசியில் பாடும் மங்களத்தைப் போலவே இருக்கிறதே என்று என்னிடம் வியந்ததுண்டு. அந்த ஒற்றுமை தற்செயலானதன்று. அந்தப் பாடலை இயற்றியவர் சாஸ்திரியார். தம் காலத்துத் தமிழர் வீட்டிலும் வயலிலும் அரண்மனையிலும் எவ்வெவ்வாறு பாடினார்களோ, அவ்வவ்வாறே தம் கடவுளையும் பாட முடியும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவர் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையின் இயற்பெயர் அருணாசலம், வேளாளர் குலத்தவர், கிறிஸ்தவரான பின் தேவசகாயம் எனப் பெயர் பெற்று, சபைப் பணியாளராகவும் கவிபாடுபவராகவும் விளங்கினார். தாயார் ஞானப்பூ அம்மையார் பிள்ளை சிறுவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். 1785-இல் ஜெர்மானிய குருவான சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். பிராமணக் குலத்து விதவையும் சுவார்ட்ஸிடம் 1778-இல் திருமுழுக்குப் பெற்றவருமான கிளாரிந்தா அம்மையார் அங்குக் கட்டிய ஆலயம் அப்போதுதான் திறக்கப்பட்டது. பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத வேதநாயகத்தை அவர் கண்டதும், தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்றதும் அந்தப் பயணத்தில்தான். அதற்கு அடுத்த ஆண்டு, 1786-இல், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் கால் வைத்தார் என்பதை நம்மூர் வாசகர்கள் காலக் கணக்குக்காக நினைவில் கொள்ளலாம்.

தஞ்சையில் சுவார்ட்ஸின் பொறுப்பில் இன்னொரு சிறுவனும் வளர்ந்தான். மன்னர் துளஜாவால் 1787-இல் சுவீகாரம் எடுக்கப்பட்ட சரபோஜி; வேதநாயகத்தைவிட மூன்று வயது இளையவர். பின்னாளில் தஞ்சை அரசராகிச் சரசுவதி மகால் நூலகத்தை உலகப் புகழ்பெறச் செய்த அதே இரண்டாம் சரபோஜிதான். ஒரே குருவின் நிழலில் வளர்ந்த இவ்விருவருடைய நட்பு, ஒருவர் அரியணையிலும் மற்றவர் பள்ளிக்கூடத்திலும் அமர்ந்த பிறகும் அறுபடவில்லை.

வேதநாயகம் தரங்கம்பாடிக்கும் சென்று பயின்றார். அங்கு அவருக்குக் கற்பித்த ஜான் ஐயர் சமய குரு மட்டுமல்லர். மீன்களையும் சிப்பிகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பிய இயற்கை ஆய்வாளரும் ஆவார். அக்காலத்தில் ஐரோப்பாவில் அறியப்பட்ட வானியலும் புவியியலும் இவ்வாறே தமிழ்ப் பையன் ஒருவனின் காதில் விழுந்தன. அவர் ஏறத்தாழ இருபது வயதிலேயே தஞ்சை மிஷன் பள்ளியின் தலைமை ஆசிரியரானார். இலக்கணம், கணிதம், புவியியல் எனப் பலவற்றையும் கற்பித்தார். ஓலைச்சுவடியும் எழுத்தாணியும் புழங்கிய காலத்தில் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று தமிழில் பாடம் நடத்திய ஆசிரியர் அவர்.

இப்போது பாடல்களுக்கு வருவோம். அவர் நூறுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார் என்பர். எண்ணிக்கையைவிட அவற்றின் பெயர்களே என்னைக் கவர்கின்றன. ஞான ஏற்றப்பாட்டு, ஞானத் தச்ச நாடகம், ஞான நொண்டி நாடகம், ஞான உலா, பெத்லகேம் குறவஞ்சி. முன்னால் உள்ள ஞானம் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பாருங்கள். மீதமிருப்பது வயல், தச்சுப்பட்டறை, தெருக்கூத்து, வீதி ஊர்வலம், குறி சொல்லும் குறத்தி. கோயிலுக்குள் மட்டும் இருந்த ஒன்றும் அதில் இல்லை.

ஏற்றத்தை நம் தலைமுறையில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கிணற்றங்கரையில் நீண்ட மரத்தை நட்ட தூணின் மேல் பொருத்தி, அதன்மேல் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே நிற்பவர் சாலில் நீரை மொண்டு வாய்க்காலில் ஊற்றுவார். எத்தனை சால் இறைத்தோம் என்பதை எண்ணவும், களைப்பை மறக்கவும் பாடுவதே ஏற்றப்பாட்டு. கம்பர் ஒருநாள் ஏற்றக்காரனின் பாட்டில் பாதியைக் கேட்டுவிட்டு, மறுபாதி தெரியாமல் மறுநாள் காலைவரை தவித்தார் என்ற கதையைத் தமிழ்ப்பள்ளியில் கேட்டிருப்பீர்கள். ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பது பழமொழி. சாஸ்திரியார் எதிர்ப்பாட்டுப் பாட முயலவில்லை. அதே மெட்டில் தம் வேதத்தை ஏற்றிப் பாடினார். படிக்கத் தெரியாத உழவர், நூலைத் திறக்காமலே, நீர் இறைத்துக்கொண்டே வேதக் கதையை மனத்தில் பதித்துக்கொள்ளலாம் அல்லவா? வழிபாட்டுக்கென்று தனி நேரம் ஒதுக்க முடியாதவனுக்கு அவனுடைய வேலை நேரமே வழிபாட்டு நேரம் ஆகிவிடுகிறது.

தச்ச நாடகமும் அப்படியே. இறைவனைத் தச்சனாக உருவகிக்கும்போது, உளி பிடிப்பவன் தன் கையை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்குவான். நொண்டி நாடகம் அந்நூற்றாண்டில் மக்கள் விரும்பிப் பார்த்த ஒரு கூத்து வகை. திருடி, கால் வெட்டுண்டு, மனந்திரும்பி, இறையருளால் நலம்பெறும் ஒருவனின் கதை அது. இஸ்லாமியத் தமிழரிடம் சீதக்காதி நொண்டி நாடகம் உண்டு. சைவ, வைணவத் தலங்களுக்கும் நொண்டி நாடகங்கள் உண்டு. சாஸ்திரியார் அதைக் கிறிஸ்தவருக்கும் ஆக்கினார். யாருடைய சமயமாயினும் பாட்டின் வடிவம் எல்லாருக்கும் பொதுவாக இருந்த காலம் அது என்பதைப் பல்லின நாட்டில் வாழும் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றிலும் புகழ்பெற்றது 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைப் படித்தவர்களுக்கு இதன் கதைப்போக்கு உடனே புரியும். தலைவன் உலா வருகிறான். தலைவி கண்டு மயங்குகிறாள். குறத்தி வந்து கைபார்த்துக் குறி சொல்கிறாள். குறவன் பறவை பிடிக்க வருகிறான். சாஸ்திரியாரின் தலைவன் பெத்லகேமில் பிறந்த கிறிஸ்து. தலைவி தேவமோகினி என்பவள் திருச்சபை. குறி சொல்ல வருபவள் விசுவாசம். குறவன் விரிக்கும் வலை நற்செய்தி. அதில் விழும் பறவைகள் மனித ஆன்மாக்கள். மீன் பிடிப்பவரை மனிதரைப் பிடிப்பவர் ஆக்கிய விவிலியச் செய்தியைத் தமிழ்நாட்டுக் குறவனின் கண்ணியோடு முடிச்சுப் போட்டது நுட்பமான வேலை. அதற்குள்ளேயே கோள்களும் கண்டங்களும் நாடுகளும் வருகின்றன. பள்ளி ஆசிரியரைக் கவிஞருக்குள்ளிருந்து பிரிக்க முடியாது போலும்! சரபோஜி மன்னரும் மராத்தியில் தேவேந்திரக் குறவஞ்சி என ஒன்றை இயற்றினார். அதிலும் குறத்தி உலகப் புவியியலைத்தான் விவரிக்கிறாள். சுவார்ட்ஸின் இரு மாணவர்களும் குறத்தியின் வாயில் நிலப்படத்தை வைத்தது சுவையான செய்தி.

சபையார் அவருக்குச் சுவிசேட கவிராயர் என்ற பட்டம் அளித்தனர். மன்னர் ஒருமுறை, அரசவைக்கான நூலுக்கு விநாயகர் காப்புப் பாடித் தருமாறு கேட்டதாகவும், சாஸ்திரியார் அதை மறுத்துத் தம் இறைவனைப் பாடியதாகவும், மன்னர் அதற்காக அவரைத் தள்ளிவிடவில்லை என்றும் அவர் வழிவந்தோர் சொல்லி வருகின்றனர். அரசன் முன் இல்லை என்று சொல்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். அதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்வதற்கும் வேண்டும்.

இதுவரை எழுதியது போற்றத்தக்க பக்கம். மறுபக்கத்தையும் எழுதாமல் விட்டால் இது வாழ்க்கை வரலாறு ஆகாது, வாழ்த்துப்பா ஆகிவிடும்.

சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13-இல் மறைந்தார். அதே ஆண்டில் சரபோஜி அரியணை ஏறினார். பழைய ஜெர்மானிய குருமார் ஒருவர்பின் ஒருவராக மறைய, 1820-களில் புதிய மிஷனரிகள் தஞ்சைக்கு வந்தனர். அவர்கள் சில மாற்றங்களைக் கொண்டுவர முனைந்தனர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துவது, பழைய பாடல்களை மாற்றுவது, திருமணத்திலும் வழிபாட்டிலும் தமிழ் இசையையும் பூக்களையும் விலக்குவது, ஆலயத்தில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்ந்து தனித்தனியே நற்கருணை பெறும் வழக்கத்தை ஒழிப்பது. சாஸ்திரியார் இவை நான்கையும் ஒன்றாகவே எதிர்த்தார்.

முதல் மூன்றிலும் அவர் பக்கம் நிற்க எனக்குத் தயக்கமே இல்லை. தமிழன் கிறிஸ்தவனாவதற்குப் பூவையும் பாட்டையும் விட்டுவிட வேண்டியதில்லை. அவர் அன்று விட்டுக்கொடுத்திருந்தால் நம் ஆலயங்களில் இன்று தமிழ்க் கீர்த்தனையே ஒலித்திருக்குமா என்பது ஐயம். ஆனால் நான்காவது? சாதி என்பது சமயம் சாராத உலக வழக்கம், அதில் குருமார் தலையிடக் கூடாது என்று அவர் வாதிட்டார். அதற்காக நூலும் எழுதினார். ஆலயத்தில் எதிர்ப்புறம் தனியே அமர்த்தப்பட்ட பறையர் குலத்துக் கிறிஸ்தவருக்கு அது உலக வழக்கமாகவா பட்டிருக்கும்? ஏற்றம் இறைப்பவனின் பாட்டில் கடவுளைக் கண்ட கவிஞர், அந்த ஏற்றக்காரன் தம் பக்கத்தில் வந்து அமர்வதை ஏற்கவில்லை. இதை அவருடைய காலத்தின் குறை என்று சொல்லி நகர்ந்துவிட என்னால் இயலவில்லை. ஏனெனில் அதே காலத்தில், அதே ஊரில், வேறு விதமாக நினைத்தவர்களும் இருந்தார்கள். அவர்களோடுதான் அவர் சண்டையிட்டார். பூவையும் இசையையும் காப்பதும் சாதியைக் காப்பதும் அவருக்கு ஒரே போராட்டமாகத் தோன்றியதே அவருடைய வாழ்வின் துயரம் என்று நான் கருதுகிறேன். புதிய மிஷனரிகளும் நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பூவைத் தொடாமல் சாதியை மட்டும் தொட்டிருந்தால் தஞ்சையின் கதை வேறாக இருந்திருக்குமோ, என்னவோ!

பிணக்கின் முடிவில், 1829-இல், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் பணியாற்றிய மிஷன் அவரை வேலையிலிருந்து நீக்கியது. ஐம்பத்தைந்து வயதில் வருமானம் இழந்து நின்ற கவிஞரைப் பழைய பள்ளித் தோழர் கைவிடவில்லை. சரபோஜி அவரை அரண்மனையில் அமர்த்தி ஊதியம் கொடுத்தார். கிறிஸ்தவக் கவிஞரைக் கிறிஸ்தவ மிஷன் வெளியேற்ற, இந்து மன்னர் அழைத்து ஆதரித்தார். அந்த ஆதரவும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1832 மார்ச் 7-இல் மன்னர் காலமானார். மறு ஆண்டு ஆயர் டேனியல் வில்சன், ஆலயங்களில் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று ஆணையிட்டார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் ஆலயத்தை விட்டு வெளியேறினர்.

வேலை போன பிறகும் சாஸ்திரியார் பாடுவதை நிறுத்தவில்லை. தம் குடும்பத்தாரோடும் மாணவரோடும் வீடுகளிலும் ஊர்களிலும் கதாகாலட்சேபம் நடத்தினார். அவர் மகள் ஞானதீபம்மாளும் பாடுவதில் வல்லவர். அக்காலத்தில் ஒரு பெண் பிறர் முன் பாடுவது எளிதன்று. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப், இப்பாடல்களைக் கேட்டு, அவற்றின் இராக தாளங்களைக் கற்று, 1853-இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். ஒரு மிஷன் ஒதுக்கிய பாட்டை இன்னொரு மிஷன் அச்சேற்றியது. ஓலையிலும் நினைவிலும் இருந்த பாடல்கள் தஞ்சையைத் தாண்டிச் சபை வேறுபாடின்றிப் பரவியதற்கு இத்தகைய அச்சு நூல்களே வழிவகுத்தன.

அதே 1840-களிலும் 1850-களிலும் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல்கள் ஆள் ஏற்றி வந்தன. நிபோங் திபாலைச் சுற்றிலும், கிரியான் ஆற்றோரம், இன்று செம்பனை நிற்கும் நிலத்தில் அன்று கரும்பு நின்றது. தஞ்சை வட்டாரத்திலிருந்து அப்படி வந்தவர்களிடம் பெட்டியில் அதிகம் ஒன்றும் இருந்திருக்காது. ஏற்றப்பாட்டும் கும்மியும் தாலாட்டும் மட்டும் எடையின்றி வந்திருக்கும். சாதியும் எடையின்றியே வந்தது. தோட்டத்து லயங்களிலும் கோயில்களிலும் அது எவ்வாறு குடியேறியது என்பதை நம் தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள். சாஸ்திரியாரிடம் இருந்த இரண்டும் நம் முன்னோரிடமும் இருந்தன.

1855-இல் தஞ்சையின் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறக்க, கிழக்கிந்தியக் கம்பெனி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையின் முடிவையும் கண்ட முதியவர், 1864 ஜனவரி 24-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில் தஞ்சையில் காலமானார். அவர் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகச் சாஸ்திரியார் என்ற பட்டத்தைத் தாங்கி, அவருடைய பாடல்களைக் கதாகாலட்சேபமாகப் பாடி வருகின்றனர்.