தலைமைக்கு ஓர் இலக்கணம் – ஜே. ஆர். டி. டாட்டா

பத்தாம் வகுப்பு மாணவியர் குழு

தலைவி என்பவள் யார்? வரிசையின் முன்னால் நிற்பவளா? ஆசிரியை இல்லாத வேளையில் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவளா? பரிசுக் கோப்பையை மேடையேறிப் பெற்று வருபவளா? இவ்வாண்டு தொடக்கத்தில் எங்களிடம் யாரேனும் இப்படிக் கேட்டிருந்தால், மூன்றுக்கும் ஆம் என்றே விடை கூறியிருப்போம். இன்று அப்படிக் கூற மாட்டோம். எங்கள் மனத்தை மாற்றியது ஒரு மனிதரின் வாழ்க்கை.

நூலகப் பாடவேளையில் ஒவ்வொரு குழுவும் ஒரு பெரியாரின் வரலாற்றைப் படித்துக் கட்டுரை வரைய வேண்டும் என்பது இவ்வாண்டுத் திட்டம். எங்கள் அறுவருக்கும் அருட்சகோதரி எடுத்துக் கொடுத்தவை தொழிலதிபர் ஜே. ஆர். டி. டாட்டாவைப் பற்றிய நூல்கள். ஆர். எம். லாலா 1992இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘பியாண்ட் த லாஸ்ட் புளூ மௌண்டன்’ என்னும் வாழ்க்கை வரலாறு அவற்றுள் முதன்மையானது. நூலின் கனத்தைக் கண்டதும் எங்கள் முகம் வாடியது. ஆலை, வரவு செலவு, இலாபம் என்றே போகும் என்று எண்ணினோம். ஆனால் புரட்டியதும் எங்கள் கண்ணில் பட்டது வானத்தைப் பார்த்து ஏங்கும் ஒரு சிறுவனின் கதை.

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பார்சி இனத்தவர். டாட்டா தொழிற்குடும்பத்தை நிறுவிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் உறவினர். தாய் சுசான் பிரியேர், பிரெஞ்சுப் பெண்மணி. ஐந்து குழந்தைகளுள் ஜஹாங்கீர் இரண்டாமவர். பிரான்ஸ், பம்பாய், ஜப்பானின் யோகஹாமா என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அவருடைய படிப்பும் பல இடங்களில் சிதறியது. பிரெஞ்சு மொழிதான் அவருக்கு முதல் மொழி.

பிரான்சின் ஆர்தெலோ கடற்கரையில் அக்குடும்பத்துக்கு ஒரு கோடை இல்லம் இருந்தது. விமானத்தில் ஆங்கிலக் கால்வாயை 1909இல் முதன்முதலாகக் கடந்த லூயி பிளேரியோவின் இல்லமும் அங்கேதான் இருந்தது. மணற்பரப்பில் விமானங்கள் இறங்குவதைக் கண்ட சிறுவனின் உள்ளத்தில் ஆசை முளைவிட்டது. 15ஆம் வயதில் ஒரு விமானத்தில் ஏறி வானில் வலம் வந்தார். அன்றே விமானியாவது என்று உறுதி பூண்டார். அதே 15 வயதில் இருக்கும் நாங்கள் எதில் உறுதி பூண்டிருக்கிறோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

தாயார் 1923இல் மறைந்தார். ஜஹாங்கீர் பிரெஞ்சுப் படையில் ஓராண்டு பணியாற்றினார். பின்பு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில விரும்பினார். ஆனால் தந்தை தாயகத்துக்கு அழைத்துவிட்டார். 1925ஆம் ஆண்டின் இறுதியில் டாட்டா நிறுவனத்தில் ஊதியமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தையும் காலமானார். 22 வயதில் குடும்பப் பாரம் முழுவதும் அவர் தோளில் விழுந்தது. கல்லூரிப் பட்டம் பெறவில்லையே என்ற குறை அவருக்கு நெடுநாள் இருந்தது. அக்குறையைப் போக்க அவர் தேடிய வழி உழைப்பு. டாட்டா இரும்பாலையின் பொறுப்பிலிருந்த ஜான் பீட்டர்சனின் அறையிலேயே அவருக்கும் ஒரு மேசை போடப்பட்டது. பீட்டர்சனிடம் செல்லும் தாள்களெல்லாம் முதலில் இந்த இளைஞரின் கண்ணைக் கடந்தே சென்றன. இரவில் நூல்களைப் படித்தார். தலைமை ஏற்கும் முன் அவர் பல ஆண்டுகள் மாணவராகவே இருந்தார்.

வானத்தை அவர் மறக்கவில்லை. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பெற்ற விமானி உரிமங்களில் அதுவே முதலாவது. அதன் எண் 1. இனித்தான் எங்களைத் தலைகுனிய வைத்த நிகழ்ச்சி வருகிறது.

இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தன்னந்தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்குப் பரிசு அளிப்பதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930இல் மூவர் போட்டியிட்டனர். ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து புறப்பட்டார். அஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். எகிப்தில் அபூகீர் விமானத் தளத்தில் ஜே. ஆர். டி. இறங்கியபோது, அஸ்பி அங்கே மேலே செல்ல வழியின்றித் தவித்துக்கொண்டிருந்தார். அவருடைய விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. ஜே. ஆர். டி.யிடம் உபரியாகச் சில இருந்தன. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பரிசு அவர் கைக்கு வந்திருக்கும். அவர் தயங்காமல் எடுத்துக் கொடுத்தார். இருவரும் எதிரெதிர்த் திசைகளில் பறந்தனர். சில மணி நேரம் முன்னதாகச் சென்றடைந்த அஸ்பி வென்றார். அந்த அஸ்பி எஞ்சினியரே பிற்காலத்தில், 1960இல், இந்திய விமானப்படையின் தளபதியானார்.

இப்பகுதியை எங்களுள் ஒருத்தி உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்தபோது எவரும் பேசவில்லை. காரணம் எங்கள் ஆறு பேருக்கும் தெரியும். அதற்கு முந்திய மாதம் நடந்த அறிவியல் கண்காட்சியில் எங்கள் காற்றாலை மாதிரிக்கு முதற் பரிசு கிடைத்தது. நடுவர்கள் வருவதற்குச் சற்று முன் பக்கத்துப் பிரிவுத் தோழியர் ஓடி வந்து, தங்கள் வெள்ள எச்சரிக்கை மணிக்கு ஒரு பேட்டரி கிடைக்குமா என்று கேட்டனர். எங்கள் பெட்டியில் இரண்டு இருந்தன. இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர்களுடைய மணி ஒலிக்கவேயில்லை. மேடையேறி நாங்கள் வாங்கிய அந்தச் சான்றிதழ் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறது.

பரிசை இழந்தவரின் பெயரை 90 ஆண்டுகளுக்குப் பின்னும் நூலில் படிக்கிறோம். பரிசு பெற்ற எங்கள் பெயரை நாங்களே நினைக்க விரும்பவில்லை. அன்று மாலை மணி அடித்ததும் பக்கத்துப் பிரிவுக்குச் சென்றோம். உண்மையைச் சொன்னோம். சொல்வது எளிதாக இல்லை. அவர்கள் உடனே சிரித்து மன்னித்துவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். சில நாள் எங்களோடு பேசவில்லை. ஆயினும் இரவில் நிம்மதியாக உறங்கினோம்.

கதையைத் தொடர்வோம். நெவில் வின்சென்ட் என்னும் விமானியின் யோசனையை ஏற்று ஜே. ஆர். டி. அஞ்சல் விமானப் பணியைத் தொடங்கினார். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ‘புஸ் மாத்’ என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்தில் அஞ்சற் பைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து வின்சென்ட் அஞ்சலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். பம்பாயின் ஜூகூ கடற்கரையில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகையே அவர்களுடைய விமான நிலையம். மழைக்காலத்தில் ஓடுதளம் நீரில் மூழ்கிவிடும். அப்படிப்பட்ட நிலையிலும் அஞ்சல் தவறாமல் குறித்த நேரத்தில் சென்றது.

1938இல், 34ஆம் வயதில், ஜே. ஆர். டி. டாட்டா குழுமத்தின் தலைவரானார். அவருக்கு மூத்தவர்களும் அவரினும் நிறையக் கற்றவர்களும் அங்கே பலர் இருந்தனர். அவர்களை அதட்டி ஆள அவர் முயலவில்லை. வல்லவர்களைத் தேடிப் பொறுப்பைக் கொடுத்தார், கொடுத்தபின் குறுக்கிடவில்லை. மாறுபட்ட கருத்தையும் பொறுமையோடு கேட்டு, எல்லாரும் ஒருமனப்பட்ட பின்பே முடிவு செய்தார். 14 நிறுவனங்களோடு அவர் ஏற்ற குழுமம், 1991இல் அவர் விலகியபோது 95 நிறுவனங்களாக வளர்ந்திருந்தது. 1945இல் டெல்கோ, 1968இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ், 1984இல் தமிழக அரசின் டிட்கோவோடு இணைந்து ஓசூரில் தொழிற்சாலை கண்ட டைட்டன் ஆகியவை அவர் காலத்தில் தோன்றியவை. 1941இல் பம்பாயில் டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. 1945இல் ஹோமி பாபாவின் கனவான அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் உருவாயிற்று.

இயந்திரத்தைப் பேண ஆள் வைக்கிறோம், மனிதரைப் பேண யார் இருக்கிறார்கள் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அதனால் ஜாம்ஷெட்பூர் இரும்பாலையில் தொழிலாளர் நலனுக்கெனத் தனித்துறை ஏற்பட்டது. 1956இல் தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்தின்படி, தொழிலாளரும் நிருவாகத்தாரும் ஒன்றாக அமர்ந்து கலந்தாலோசிக்க வழி பிறந்தது.

அவர் குறையே இல்லாதவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அவர் தந்த சுதந்திரத்தால் சில நிறுவனத் தலைவர்கள் தத்தம் நிறுவனத்தைத் தனி நாடு போல நடத்தலாயினர். அவருக்குப் பின் வந்த ரத்தன் டாட்டாவுக்கு அவற்றை மீண்டும் ஒன்றாகக் கட்டுவது பெரும்பாடாயிற்று. நற்குணத்துக்கும் ஓர் அளவு வேண்டும் என்பதை இதனால் அறிந்தோம்.

அவர் தொடங்கிய விமானப் பணியே வளர்ந்து ஏர் இந்தியா ஆயிற்று. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் ‘மலபார் பிரின்சஸ்’ விமானம் பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. 1953இல் அரசு விமானப் பணியை நாட்டுடைமையாக்கியது. அவர் அதை எதிர்த்தார். ஆயினும் ஏர் இந்தியாவின் தலைமையை ஏற்க வேண்டும் என்று அரசு வேண்டியபோது மனக்கசப்பை ஒதுக்கி ஏற்றுக்கொண்டார். 25 ஆண்டுகள் ஊதியம் பெறாமலே உழைத்தார். பயணம் செய்யும்போதெல்லாம் கையில் குறிப்பேடு இருக்கும். திரைச்சீலை அழுக்கா, மேசையில் தூசியா, தேநீரின் நிறமும் காப்பியின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று சின்னஞ்சிறு குறைகளையும் குறித்து அனுப்புவார்.

1978இல் அரசு அவரை அப்பதவியிலிருந்து நீக்கியது. அதுவும் முறையான கடிதம் கைக்குக் கிட்டுமுன் பிறர் வாயிலாகவே அவருக்குத் தெரிய வந்தது. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தது போன்ற துயரம். ஆனாலும் 1980இல் ஆட்சி மாறி, நிருவாகக் குழுவில் உறுப்பினராகும்படி அழைப்பு வந்தபோது, தலைவராக இருந்த இடத்தில் உறுப்பினராக அமர அவர் நாணவில்லை. அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், 2022இல், ஏர் இந்தியா மீண்டும் டாட்டா குழுமத்துக்கே வந்து சேர்ந்தது.

பெண்களாகிய எங்களுக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி 1974இல் நடந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சுதா குல்கர்ணி என்னும் மாணவி, டெல்கோவின் வேலைவாய்ப்பு அறிவிப்பைக் கண்டார். பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. கொதித்தெழுந்த அவர், ஓர் அஞ்சலட்டையில் தம் கண்டனத்தை எழுதி நேரே ஜே. ஆர். டி.க்கே அனுப்பினார். அதைக் குப்பையில் எறிந்திருக்கலாம். மாறாக, சில நாள்களில் நேர்முகத் தேர்வுக்கு அழைப்புத் தந்தி வந்தது. சுதா டெல்கோ ஆலையின் முதல் பெண் பொறியாளரானார். இன்று சுதா மூர்த்தி என்ற பெயரில் நாம் அறிந்த எழுத்தாளர் அவரே. ஓர் அஞ்சலட்டை எழுதும் துணிவு அவரிடம் இருந்தது. தம் நிறுவனத்தின் தவறு என்று ஒப்பிக்கொள்ளும் துணிவு அத்தலைவரிடம் இருந்தது. இவ்விரண்டில் எது பெரிது என்று எங்களுக்குள் நெடுநேரம் வாதம் நடந்தது. முடிவு ஏற்படவில்லை.

1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், தமது 78ஆம் வயதில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு பழைய சிறு விமானத்தைத் தாமே ஓட்டிவந்து, 50 ஆண்டுகளுக்கு முந்திய அப்பயணத்தை மீண்டும் நிகழ்த்திக் காட்டினார். 1992இல் பாரத ரத்னா விருது அவரைத் தேடி வந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். பிறந்த பாரிஸ் நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தோழியரே! எங்களில் எவரும் பெரிய ஆலைகளை ஆளப்போவதில்லை என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் நாளை ஒரு வீட்டையோ, ஒரு வகுப்பையோ, ஓர் அலுவலகத்தையோ நடத்தும் பொறுப்பு நம் எல்லாருக்கும் வரும். அன்று நம் பெட்டியில் இருக்கும் இரண்டாவது பேட்டரியை என்ன செய்வோம் என்பதிலேயே நம் தலைமை தெரிந்துவிடும். இரண்டாம் பருவத்தில் மீண்டும் ஒரு கண்காட்சி நடந்தது. பக்கத்துப் பிரிவுத் தோழியரின் மேசைக்கு நாங்களே சென்று, ஏதேனும் குறைகிறதா என்று கேட்டோம். ஒன்றும் குறையவில்லை என்றார்கள். ஆனால் திரும்பி வரும்போது, எங்கள் காற்றாலையின் தளர்ந்த கம்பியைப் பிடித்துக்கொள்ள அவர்களில் ஒருத்தி எங்களோடு வந்தாள். இம்முறை முதற் பரிசு வேறொரு குழுவுக்குச் சென்றது. நாங்கள் மனமாரக் கைதட்டினோம்.