அர்ச். மோனிக்கம்மாளின் நாவடக்கம்

வட ஆப்பிரிக்காவில், இன்று அல்ஜீரியா எனப்படும் தேசத்தில், தகாஸ்தே என்ற ஊரில் வாழ்ந்தாள் அர்ச். மோனிக்கம்மாள். புருஷன் பத்திரீசியுஸ் அஞ்ஞானி, மகா முன்கோபி. அவன் கத்தும்போது எதிர்வார்த்தை பேசமாட்டாள். கோபம் தணிந்தபின் தன் நியாயத்தை எடுத்துச் சொல்வாள். மரிக்குமுன் அவனும் ஞானஸ்நானம் பெற்றான். வேலைக்காரிகளின் கோளைக் கேட்டு விரோதித்த மாமியாரும் மருமகளின் பொறுமையால் மாறினாள். சண்டையிட்ட ஸ்திரீகள் தனித்தனியே வந்து கொட்டும் கசப்பையெல்லாம் கேட்டுக்கொள்வாள். சமாதானத்துக்கு உதவுவதை மட்டுமே மற்றவளிடம் கொண்டுபோவாள். இது லேசான காரியமா?

மகன் அகுஸ்தீன் மனிக்கேய பதிதத்தில் விழுந்தபோது, தன் பந்தியில் அவனுக்கு இடமில்லை என்றாள். பின் ஒரு சொப்பனத்தால் தேறுதலடைந்து சேர்த்துக்கொண்டாள். 383-ல் அவன் அவளிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடிரவாய் ரோமைக்குக் கப்பலேறினான். தாயோ மிலான் நகர்வரை பின்தொடர்ந்தாள். அங்கே 387-ம் வருஷம் பாஸ்கு இரவில் அர்ச். அம்புரோஸ் மேற்றிராணியார் அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்.

அதே வருஷம் ஊர் திரும்பும் வழியில், ஓஸ்தியா துறைமுகத்தில், தோட்டத்தைப் பார்த்த ஜன்னலருகே தாயும் மகனும் மோட்ச பாக்கியத்தைக் குறித்து நெடுநேரம் பேசினார்கள். சில நாளில் அவள் காய்ச்சலில் விழுந்தாள். புருஷன் பக்கத்தில் அடக்கமாக வேண்டுமென்று முன்பு ஆசைப்பட்டவள், இப்போது எங்கே புதைத்தாலும் சரி, பீடத்தில் தன்னை நினைத்தால் போதும் என்று சொல்லி, 56-ம் வயதில் மரித்தாள்.